மீன் எண்ணெய் மாத்திரையும் விழித்திரையின் சிக்கனமும்

ஜூன் 8, 2024, மாலை. கரிசல்மண் கேட்டது

என் மகனுக்கு 17 வயது. ஆர்.பி., அதாவது விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். இருட்டிய பிறகு சைக்கிள் எடுப்பதை நிறுத்திவிட்டான். ஊட்டச்சத்து மாத்திரை விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு கணக்குச் சொன்னார். விழித்திரைச் செல்களின் சவ்வில் பாதி டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலமாம். அந்தச் செல்கள் தினமும் நுனியில் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றனவாம். அப்படியானால் பத்து நாளில் கையிருப்பு முழுவதும் காலி, தினமும் மாத்திரையால் ஈடுகட்டாவிட்டால் பார்வை போய்விடும் என்கிறார். கணக்கு சரியாகத்தான் படுகிறது. மாதச் செலவுதான் மலைப்பாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

ஐயா, இன்னும் பணம் கட்டவில்லை என்றால் சற்றுப் பொறுங்கள். அவர் சொன்னதில் முதல் இரண்டும் ஏறத்தாழ உண்மை (சவ்வில் பாதி அல்ல, அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி). மூன்றாவதில்தான் கோளாறு. உதிர்வது வேறு, தீர்ந்துபோவது வேறு. உதிர்ந்ததை விழித்திரை வெளியே கொட்டுவதில்லை. அதிலிருக்கும் டி.எச்.ஏ.வைப் பிரித்தெடுத்து, உதிர்த்த செல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

நான் டாக்டர் அல்ல. கண் மருத்துவமனையில் இ.ஆர்.ஜி. (ஒளி பட்டதும் விழித்திரை தரும் மின்குறிப்பைப் பதியும் சோதனை) எடுக்கும் தொழில்நுட்பர். என் அண்ணனுக்கும் ஆர்.பி. உண்டு. அதனால் இந்தக் கணக்கை நான் வேலையிடத்திலும் கேட்டிருக்கிறேன், வீட்டிலும் கேட்டிருக்கிறேன். நாளை விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 9, காலை

முதலில் அந்தப் பத்தில் ஒரு பங்கு.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள், பகலுக்கும் நிறத்துக்கும் கூம்புச் செல்கள். மனிதக் கண் ஒன்றில் குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. ஒவ்வொரு குச்சிச் செல்லின் வெளிமுனையிலும் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற புரதம் அந்தத் தட்டுகளின் கொழுப்புச் சவ்வில்தான் பதிந்திருக்கிறது.

1960களில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் யங் என்பவர் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை விலங்குகளுக்குச் செலுத்தி, அது கண்ணில் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார். அடுக்கின் அடியில் ஒரு பட்டையாகத் தென்பட்ட கதிரியக்கம், நாளாக நாளாக மேலே நகர்ந்தது. அடியில் புதுத் தட்டுகள் உருவாகி, பழையவற்றை நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. 1967இல் இது வெளியானது. நுனிக்கு வந்த தட்டுகள் என்ன ஆகின்றன என்ற கேள்விக்கு 1969இல் அவரும் டீன் போக்கும் தவளையின் கண்ணில் விடை கண்டார்கள். பின்னால் இருக்கும் நிறமிப் படலத்தின் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. பாலூட்டிகளில் முழு அடுக்கும் ஏறத்தாழ பத்து நாளில் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. விற்பனையாளரின் பத்தில் ஒரு பங்கு இங்கிருந்து வந்ததுதான்.

ஒரு நிறமிச் செல் தன்னெதிரே இருக்கும் சுமார் 30 ஒளிவாங்கிச் செல்களைக் கவனித்துக்கொள்கிறது. அது வளர்ந்த மனிதரில் பொதுவாகப் பிரிந்து பெருகுவதும் இல்லை. பிறந்தபோது கிடைத்த அதே செல், எழுபது எண்பது ஆண்டுகள், தினந்தோறும் இந்த முப்பது பேரின் உதிரியையும் விழுங்கிச் செரிக்க வேண்டும். நம் உடலில் இவ்வளவு விழுங்கும் செல் வேறொன்று இல்லை என்பார்கள்.

விழுங்கிய பிறகு நடப்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. பழைய நகையைத் தட்டானிடம் கொடுத்து உருக்கிப் புது நகை செய்வதுபோல என்று அண்ணனுக்கு ஒருமுறை சொன்னேன். சேதாரம் மிகமிகக் குறைவான தட்டான். நிறமிச் செல் தட்டுகளை உடைத்து, டி.எச்.ஏ.வைத் தனியே எடுத்து, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக ஒளிவாங்கிச் செல்லின் உள்பகுதிக்கு அனுப்புகிறது. அங்கே அது மறுபடி புதுத் தட்டின் சவ்வாகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கில் தட்டான் இல்லவே இல்லை. நகை தேய்ந்தது, தங்கம் போயிற்று என்று முடித்துவிட்டார்கள்.

ஜூன் 9, மதியம்

"திரும்பி வருகிறது என்பதை யார் பார்த்தார்கள், அக்கா?" என்று மழைக்குருவி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு வழிகளில் பார்த்திருக்கிறார்கள். ஒன்று தவளை. நிக்கோலஸ் பசான் அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பணியாற்றுபவர். அவரும் கார்டனும் 1990களின் தொடக்கத்தில் கதிரியக்கம் ஏற்றிய டி.எச்.ஏ.வைத் தவளைகளுக்குக் கொடுத்தார்கள். அது அடுக்கின் அடியில் புதுத் தட்டுகளில் செறிந்து, தட்டுகளோடு சேர்ந்தே நுனிவரை போனது. நுனி உதிர்ந்து நிறமிச் செல்லுக்குள் போன பிறகும் விழித்திரையை விட்டு அது வெளியேறிவிடவில்லை. நிறமிச் செல்லிலிருந்து ஒளிவாங்கிச் செல்லுக்குத் திரும்பும் இந்தப் பாதைக்கு அவர்கள் குறுஞ்சுற்று என்று பெயரிட்டார்கள். கல்லீரலிலிருந்து இரத்தம் வழியாகக் கண்ணுக்கு வருவது நெடுஞ்சுற்று.

இன்னொன்று எலி. ராபர்ட் ஆண்டர்சன் குழுவினர் உணவில் ஒமேகா-3 அறவே இல்லாமல் எலிகளை வளர்த்தார்கள். அந்த எலிகளின் உடலில் மற்ற இடங்களில் டி.எச்.ஏ. சரிந்தபோதும் குச்சிச் செல்கள் தம்மிடம் இருந்ததை எளிதில் விடவில்லை. தட்டுகள் வழக்கம்போல உருவாகிக்கொண்டும் உதிர்ந்துகொண்டும் இருந்தன. ஆனால் அவற்றின் டி.எச்.ஏ. அந்த வேகத்தில் குறையவில்லை. விற்பனையாளரின் கணக்கு சரியாக இருந்தால் அந்த எலிகளின் விழித்திரை பத்து நாளில் வறண்டிருக்க வேண்டும். அதன் டி.எச்.ஏ.வைக் கணிசமாகக் குறைப்பதற்கே ஆய்வாளர்கள் நீண்ட காலம், சில வேளைகளில் தலைமுறை தாண்டியும், பத்திய உணவு கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 9, இரவு

அண்ணனிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "ஏன் இந்தக் கொழுப்பை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, சாதாரணக் கொழுப்பு போதாதா?" என்று கேட்டான்.

டி.எச்.ஏ. 22 கார்பன் நீளமுள்ள சங்கிலி. அதில் ஆறு இடங்களில் இரட்டைப் பிணைப்பு. அதனால் சங்கிலி விறைத்து நிற்காமல் நெளிந்து கொடுக்கும். அது நிறைந்த சவ்வு இளகலாக இருக்கும். ஒளி பட்டதும் ரோடாப்சின் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், பக்கத்துப் புரதங்களோடு மோதிச் செய்தி சொல்ல வேண்டும். இளகிய சவ்வில் இது வேகமாக நடக்கிறது. ஒமேகா-3 கிடைக்காத விலங்கின் விழித்திரை, அதற்குப் பதிலாக ஒமேகா-6 வகையில் ஒரு இரட்டைப் பிணைப்பு குறைந்த ஒன்றைச் செருகிக்கொள்கிறது. ஒப்பேற்றலாம், அதே வேலை நடக்காது. 1973இலேயே பெனோல்கன், ஆண்டர்சன், வீலர் ஆகியோர் எலியின் விழித்திரை தரும் மின்குறிப்பு இந்தக் கொழுப்பு அமிலங்களைப் பொறுத்துக் கூடிக் குறைவதைக் காட்டினார்கள். நான் தினமும் எடுப்பது அதே மின்குறிப்பைத்தான், மனிதரிடம்.

மறுபக்கம் ஒன்று உண்டு. ஆறு இரட்டைப் பிணைப்பு என்றால் ஆக்சிஜன் தாக்குவதற்கு வசதியான இடங்களும் அதிகம். நாள் முழுக்க ஒளி விழும், இரத்த ஓட்டம் மிகுந்த ஓர் இடத்தில், எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பைக் குவித்து வைத்திருக்கிறது கண். தட்டுகளைத் தினமும் உதிர்த்துப் புதுப்பிப்பதற்கே இது ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அதனால் "டி.எச்.ஏ. எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது" என்ற பேச்சு எனக்கு எப்போதுமே நெருடும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 11

முந்தாநாள் திரும்பக் கொடுக்கிறது, திரும்பக் கொடுக்கிறது என்று டி.எச்.ஏ.வைப் பற்றியே எழுதினேன். எல்லாக் கொழுப்பும் அப்படித் திரும்புவதில்லை, அதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

தட்டுகளில் டி.எச்.ஏ. மட்டும் இல்லை. பால்மிட்டிக், ஸ்டியரிக் போன்ற, எங்கும் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களும் உண்டு. இவற்றில் ஒரு பகுதியை நிறமிச் செல் எரிபொருளாக்குகிறது. எரித்ததில் ஒரு பங்கை பீட்டா-ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோனாக மாற்றி விழித்திரையின் பக்கமாக வெளியே விடுகிறது. நாம் பட்டினி கிடக்கும்போது கல்லீரல் மூளைக்காகச் செய்கிற அதே வேலை. பிலடெல்பியாவில் உள்ள ஆய்வாளர்கள் 2014இலும் 2017இலும் இதைக் காட்டினார்கள். அந்தக் கீட்டோன் உற்பத்தி, தட்டுகளை விழுங்குவதோடு இணைந்தது என்பதுதான் இரண்டாவது ஆய்வின் சாரம். உதிர்த்த செல்லுக்கு அதன் உதிரியிலிருந்தே உணவு போகிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி சியாட்டிலில் ஜேம்ஸ் ஹர்லியின் குழு சொல்வது. ஒளிவாங்கிச் செல் குளுக்கோஸுக்குப் பேராசைக்காரன். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் பெரும்பகுதி குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித் தள்ளுகிறது. ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே விழித்திரையின் இந்தப் பழக்கத்தைக் கவனித்திருந்தார். ஆனால் குளுக்கோஸ் இரத்தத்திலிருந்து ஒளிவாங்கிச் செல்லுக்குப் போக நிறமிச் செல்லைக் கடந்துதான் போக வேண்டும். நிறமிச் செல்லும் குளுக்கோஸையே தின்றால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேராது. அதனால் அது கொழுப்பையும், ஒளிவாங்கிச் செல் தள்ளிய லாக்டேட்டையும் எரித்துக்கொண்டு, குளுக்கோஸைத் தொடாமல் கடத்திவிடுகிறது. 2017இல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்த அன்று மதிய உணவு இடைவேளை முழுவதும் அதைப் பற்றியே சக ஊழியர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு செல்கள் இப்படி ஒன்றன் மிச்சத்தில் மற்றொன்று வாழ்கின்றன என்றால், ஒன்று நொடித்தால் மற்றதும் ஏன் நொடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

வேறொரு அன்பர், "காலையில் எழுந்தவுடன் வெளிச்சம் பார்த்தால்தான் உதிருமா? இரவுப்பணி செய்பவர்கள் கதி என்ன?" என்கிறார். 1976இல் லாவெயில் எலிகளில் பார்த்தது: விளக்கு எரிந்த சிறிது நேரத்துக்குள் குச்சிச் செல்கள் மொத்தமாக உதிர்க்கின்றன. ஆனால் தொடர்ந்து இருட்டிலேயே வைத்திருந்தபோதும் அதே நேரத்துக்கு உதிர்த்தன. உள்ளே கடிகாரம் இருக்கிறது. இரவுப்பணியால் ஆர்.பி. வருவதில்லை.

ஜூன் 13

கரிசல்மண் ஐயா தனியாகக் கேட்டிருந்தார், இ.ஆர்.ஜி. என்றால் பையனுக்கு வலிக்குமா என்று. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

வலிக்காது. முதலில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு கண்பாப்பாவை விரிப்போம். பிறகு இருட்டறையில் 20 நிமிடம் உட்கார வேண்டும். உண்மையான இருட்டு. கதவிடுக்கில் கறுப்புத் துணி செருகி, கணினித் திரைக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, கைபேசியை வெளியே வாங்கி வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் குச்சிச் செல்கள் தம் ரோடாப்சினை மீட்டுக்கொள்கின்றன. அதன்பின் மங்கிய சிவப்பு விளக்கில், கீழிமையின் ஓரமாகத் தலைமயிர் போன்ற ஒரு மெல்லிய இழையைப் படிய வைப்பேன். வெள்ளி பூசிய நைலான் இழை. நெற்றிப்பொட்டில் ஒரு ஒட்டுமின்முனை. தாடையை மேடையில் வைத்துக் கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்வேன். மிக மங்கலான ஒரு பளிச். திரையில் கோடு மேலே குன்றுபோல எழும். வலுவான பளிச் கொடுத்தால் அதற்கு முன் கோடு கீழே இறங்குவதும் நன்றாகத் தெரியும். இறக்கம் ஒளிவாங்கிச் செல்களுடையது, குன்று அவற்றின் செய்தியை வாங்கும் அடுத்த அடுக்கினுடையது.

ஆர்.பி. உள்ளவர்களுக்கு மங்கலான பளிச்சுக்குக் குன்று எழாது, அல்லது மேடாக மட்டும் எழும். பார்வை அட்டையில் கடைசி வரிவரை படிக்கிற பையனுக்குக்கூட கோடு கிட்டத்தட்டத் தட்டையாக வரும். ஏனென்றால் அட்டையைப் படிப்பது நடுவிலுள்ள கூம்புச் செல்கள். இ.ஆர்.ஜி. விழித்திரை முழுவதையும் கேட்கிறது. பெற்றோர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நான் பேசும் வேலை இல்லை, அது டாக்டருடையது. ஆனால் வெளியே வந்ததும் மாத்திரை பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஜூன் 14

இப்போது மாத்திரை.

சிலவகை ஆர்.பி. நோயாளிகளின் இரத்தத்தில் டி.எச்.ஏ. குறைவாக இருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். இரத்தத்தில் குறைவு, விழித்திரைக்கு அது அவசியம், ஆகவே கொடுத்துப் பார்ப்போம் என்பது நியாயமான எண்ணம். முறையாகக் கொடுத்தும் பார்த்தார்கள். பாஸ்டனில் பெர்சன் குழு, வைட்டமின் ஏ எடுத்துக்கொண்டிருந்த ஆர்.பி. நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் டி.எச்.ஏ. கொடுத்து நான்கு ஆண்டுகள் கண்காணித்தது. 2004இல் முடிவு வந்தது: மொத்தத்தில் நோயின் வேகம் குறையவில்லை. டல்லஸில் ஹாஃப்மன், பர்ச் ஆகியோர் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஆர்.பி. உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 30 மில்லிகிராம் வீதம், மீண்டும் நான்கு ஆண்டுகள். 2014இல் முடிவு: இரத்தத்தில் டி.எச்.ஏ. பல மடங்கு உயர்ந்தது, இ.ஆர்.ஜி. சரிவு நிற்கவில்லை.

முதியவர்களுக்கு வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்வுக்கும் இதே கதைதான். ஏரெட்ஸ்-2 என்ற பெரிய அமெரிக்க ஆய்வு, 50 முதல் 85 வயதுள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் டி.எச்.ஏ. 350 மில்லிகிராமும் இ.பி.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3 650 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2013இல் வந்த முடிவில் ஒமேகா-3 சேர்த்ததால் நோய் முற்றுவது குறையவில்லை.

நாய்களிலும் ஒரு பாடம் கிடைத்தது. பிறவியிலேயே குச்சிச் செல்கள் தேயும் பூடில் வகை நாய்களுக்கு இரத்தத்தில் டி.எச்.ஏ. குறைவு. மீன் எண்ணெய் கொடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றினார்கள். கண் தேய்வது தேய்ந்துகொண்டே இருந்தது. ரோடாப்சின் மரபணுவில் பழுது உள்ள எலிகளின் தட்டுகளிலும் டி.எச்.ஏ. குறைந்திருந்தது. உணவில் எந்தக் குறையும் இல்லாத எலிகள் அவை. அதனால் ஆண்டர்சன் போன்றவர்கள் வேறொரு வாசிப்பை முன்வைத்தார்கள். நோயுற்ற விழித்திரை, எளிதில் கெடும் கொழுப்பைத் தானே குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது என்பது அது. உறுதியான முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் "குறைந்திருக்கிறது, ஆகவே நிரப்பு" என்பது தானாகவே சரியாகிவிடாது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணனுக்கு நோய் தெரிந்த புதிதில் அப்பா ஒரு முகவரிடம் ஆண்டுச் சந்தா கட்டி மாத்திரை வாங்கினார். கட்டைவிரல் நீளத்தில் மஞ்சள் மாத்திரை, விழுங்கிய பிறகு நெடுநேரம் ஏப்பத்தில் மீன் வாடை. அண்ணனுக்குக் குமட்டும், இருந்தாலும் அப்பாவின் முகத்துக்காக விழுங்குவான். அதே ஆண்டு அவனுடைய வெள்ளைக்கோல் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பப் பணமில்லை என்றார்கள். மாத்திரை அவன் கண்ணைக் கெடுக்கவில்லை. அந்தப் பயிற்சி நான்கு ஆண்டு தள்ளிப்போனது. எனக்கு இந்த வியாபாரத்தின்மீது இருக்கும் கோபம் அதனால்தான்.

ஜூன் 15

"அப்படியானால் உணவில் ஒன்றும் இல்லையா, அக்கா?" என்கிறார் மழைக்குருவி.

இருக்கிறது, முக்கியமாகத் தொடக்கத்தில். குறுஞ்சுற்று இருப்பதைத்தான் சுழற்ற முடியும். முதல் கையிருப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்த பிறகான மாதங்களிலும் சேர்கிறது. 1980களில் ஓரிகனில் நியூரிங்கரும் கானரும் தாயின் வயிற்றிலிருந்தே ஒமேகா-3 கிடைக்காமல் வளர்ந்த குரங்குக் குட்டிகளைச் சோதித்தார்கள். விழித்திரையில் டி.எச்.ஏ. பெரிதும் குறைந்திருந்தது, பார்வைக் கூர்மையும் மட்டுப்பட்டிருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு டி.எச்.ஏ. இல்லாத பால்மாவு கொடுத்தபோது குச்சிச் செல்களின் உணர்திறன் பின்தங்கியதை 1990இல் வாவி, பர்ச் குழுவினர் இ.ஆர்.ஜி.யிலேயே பார்த்தார்கள். தாய்ப்பாலில் டி.எச்.ஏ. உண்டு. கருவுற்றிருக்கும் பெண்ணின் தட்டில் மத்தி மீன் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஆளிவிதை, வால்நட் வழியாக ஆல்ஃபா-லினோலெனிக் அமிலம் பெறலாம். அதை டி.எச்.ஏ.வாக மாற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது, மிகக் குறைந்த அளவில். பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ.வும் கிடைக்கிறது. மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது.

ஜூன் 17

நெடுஞ்சுற்றைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டேன். சிங்கப்பூரில் டேவிட் சில்வர் குழு 2014இல் கண்டுபிடித்ததைச் சேர்க்க வேண்டும். எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற கடத்தும் புரதம் இரத்தத்திலிருந்து டி.எச்.ஏ.வை மூளைக்குள் எடுத்துச் செல்கிறது. அதுவும் தனி டி.எச்.ஏ.வாக அல்ல, லைசோ பாஸ்படிடைல் கோலின் என்ற பாஸ்போ லிப்பிடோடு பிணைந்த வடிவில். பின்னர் அதே புரதம் கண்ணின் நிறமிச் செல்லிலும் இருப்பது தெரியவந்தது. கடை மாத்திரைகளில் டி.எச்.ஏ. பெரும்பாலும் டிரைகிளிசரைடாகவோ எத்தில் எஸ்டராகவோ இருக்கிறது. இரத்த அறிக்கையில் அளவு ஏறுவதும் விழித்திரையில் ஏறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2015இல் பசான் குழு இன்னொன்று சொன்னது. அடிப்போஆர்1 என்ற ஏற்பி இல்லாத சுண்டெலிகளின் விழித்திரை டி.எச்.ஏ.வை உள்ளே எடுத்துத் தக்கவைக்க முடியாமல் போகிறது, ஒளிவாங்கிச் செல்கள் மடிகின்றன. உணவில் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஜூன் 18

நேற்றைய குறிப்பைத் தொடர்கிறேன், ஏனென்றால் கரிசல்மண் ஐயாவுக்கு உண்மையில் தேவையானது இந்தப் பக்கம்தான்.

ஆர்.பி. என்பது ஒரே நோய் அல்ல. எண்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் வெளியே ஏறத்தாழ இதே தோற்றம். அவற்றில் சில நேரடியாக இந்தச் சுழற்சியையே உடைப்பவை. மெர்டிகே என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமிச் செல் தட்டுகளை விழுங்குவதற்கு அது வேண்டும். அதில் பழுதுள்ள ஓர் எலி வகை ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக இருந்தது. உதிர்ந்த தட்டுகள் விழுங்கப்படாமல் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே குப்பையாகச் சேர்ந்து, ஒளிவாங்கிச் செல்கள் செத்துப்போகும். காரணமான மரபணு 2000இல் தெரிந்தது. அதே ஆண்டு அதே மரபணுவில் பழுதுள்ள மனிதர்களையும் கண்டார்கள், அவர்களுக்கு ஆர்.பி. இருந்தது. தட்டானின் கடை வாசலிலேயே எல்லாம் தேங்கிப்போன நிலை அது. இப்படிப்பட்டவருக்கு மேலும் டி.எச்.ஏ. கொடுத்து என்ன ஆகும்?

இஎல்ஓவிஎல்4 என்ற இன்னொரு மரபணு, கொழுப்புச் சங்கிலியை 28 கார்பனும் அதற்கு மேலும் நீட்டும் நொதியைத் தருகிறது. அதில் வரும் பழுது இளவயதிலேயே மாகுலாவைத் தேய்க்கும் ஒருவகை ஸ்டார்கார்ட் நோய்க்குக் காரணம் என்று 2001இல் கண்டார்கள். ஆர்பிஇ65 வேறு சுழற்சியைச் சேர்ந்தது, வைட்டமின் ஏ சுழற்சி. ஆனால் அதற்கு மட்டும் மருந்து வந்துவிட்டது. 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மரபணு சிகிச்சை, விழித்திரைக்கு அடியில் ஊசியாகச் செலுத்துவது. எந்த மரபணு என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

ஆகவே ஐயா, மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் மரபணுப் பரிசோதனைக்குத் திருப்புங்கள். எங்கள் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இருபக்கமும் மறைந்து வரும் பழுது ஒரே பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுதல். உங்கள் குடும்பத்திலும் அப்படி உறவு இருந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், யாரையும் குற்றம் சொல்வதற்காக அவர்கள் கேட்பதில்லை. அக்கா தங்கைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஜூன் 21

மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் உடனே நிறுத்தலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதயத்துக்காக டாக்டர் எழுதித் தந்ததென்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கண்ணுக்கென்று கடையில் வாங்கியது என்றால் அடுத்த முறை கண் டாக்டரைப் பார்க்கும்போது அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடம் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒருவகைக் கோளாறு சற்றுக் கூடுதலாக வந்ததை இதய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீன்தானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்று இருக்க வேண்டாம்.

வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. ஸ்டார்கார்ட் உள்ளவர்களுக்கு அது கேடு, கருவுற்ற பெண்களுக்கு அதிக அளவு கேடு, கல்லீரலிலும் சேரும்.

ஜூன் 24

கரிசல்மண் ஐயா எழுதியிருக்கிறார், மாத்திரைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம், வியாழக்கிழமை பையனுக்கு இ.ஆர்.ஜி. நல்லது. சில விஷயங்களை இப்போதே செய்துவிடுங்கள்.

பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். சோதனை முடிந்ததும் இ.ஆர்.ஜி. வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், முடிவை எழுதிய தாள் மட்டும் போதாது. அடுத்த முறை ஒப்பிட அந்தக் கோடுகள்தான் வேண்டும். பார்வைப் பரப்புச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் பார்வை சுருங்கியிருந்தால், நேர்பார்வை நன்றாக இருக்கும்போதே மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் எழுத்தருக்கும் அதுவே ஆதாரமாகும். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் இந்த ஆண்டே வேண்டியிருக்கும், பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் வழக்கம்போல சாப்பிட்டுவிட்டு வரலாம், வெறும் வயிறு தேவையில்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். சொட்டு மருந்தின் வேகம் மாலைவரை இருக்கும், வெயிலைப் பார்க்கக் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. ஒரு குளிர்கண்ணாடி கொண்டு வாருங்கள், பஸ்ஸில் திரும்பும்போது கூட ஒருவர் இருக்கட்டும்.